கிரே, ராட், ராண்ட்ஜன், சீவர்ட்: கதிர்வீச்சு டோஸ் அலகுகளைப் பிழையில்லாமல் மாற்றுவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில், இயல்பாகவே கதிர்வீச்சுள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் பற்றிய பழைய அறிக்கையைப் புரட்டினால் ஆண்டுக்கு இத்தனை மில்லிராட் என்று இருக்கும். புதிய ஆய்வில் அதே கடற்கரைக்கு மணிக்கு இத்தனை நானோகிரே. கையில் வைத்துப் பார்க்கும் மீட்டர் மைக்ரோசீவர்ட் காட்டும். பழைய சர்வே மீட்டரின் முள்ளோ மில்லிராண்ட்ஜனில் ஆடும். அதே மாவட்டத்தின் கீழ்மிடாலம், கொல்லங்கோடு மணல் சுரங்கத் திட்டத்தைப் பற்றி வாதாடுகிறவர்கள் எந்தப் பக்கம் நின்றாலும், இந்த நான்கையும் கலந்துவிட்டால் வாதம் அங்கேயே நொண்டிவிடும்.

அலகு மாற்றத்தில் இரண்டு ரகம் உண்டு. முதலாவது, ஒரே பௌதிக அளவை வேறு அலகில் எழுதுவது: ராடிலிருந்து கிரே, ரெம்மிலிருந்து (சீவர்ட்டுக்கு முந்தைய பழைய அலகு) சீவர்ட். இதில் புள்ளி இடம் மாறும், வேறொன்றும் மாறாது. இரண்டாவது, ஓர் அளவிலிருந்து வேறோர் அளவுக்குப் போவது: ராண்ட்ஜனிலிருந்து கிரே, கிரேயிலிருந்து சீவர்ட். இதற்கு ஒரு காரணி வேண்டும். அது என்ன கதிர், என்ன ஆற்றல், எந்தத் திசு என்பதைப் பொறுத்தது. இணையத்தில் கிடைக்கும் மாற்றிகள் பல இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு '1 கிரே = 1 சீவர்ட்' என்று கண்ணை மூடிக்கொண்டு விடை தருகின்றன. பிழைகளில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

கியூரி, பெக்கெரல் இரண்டும் இந்தக் கணக்கில் சேராது. அவை ஒரு பொருளில் நொடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்பதைச் சொல்பவை. ஒரு கிலோ மணலில் இத்தனை பெக்கெரல் என்ற எண்ணை ஒரே ஒரு காரணியால் பெருக்கி டோஸ் ஆக்க முடியாது. தூரம், மணலின் பரப்பு, எந்தத் தனிமம் என்பதெல்லாம் தெரிய வேண்டும்.

ராட், கிரே: நூறு மட்டும்தான்

உட்கவர் டோஸ் என்பது ஒரு கிலோகிராம் பொருள் கதிர்வீச்சிலிருந்து வாங்கிக்கொண்ட ஆற்றல். ஒரு கிலோவுக்கு ஒரு ஜூல் என்றால் 1 கிரே. ராட் அதற்கு மூத்தது. ஒரு கிராமுக்கு 100 எர்க். ஒரு ஜூல் ஒரு கோடி எர்க், ஒரு கிலோ ஆயிரம் கிராம். எனவே 1 கிரே என்பது கிராமுக்கு 10,000 எர்க், அதாவது 100 ராட். இந்த வரியை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. கிரே 1975-இல் சர்வதேச அலகு முறைக்குள் வந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் கிரே இருக்காது, பிந்தைய பலவும் பழக்கத்தால் ராடிலேயே இருக்கும்.

நடைமுறையில் வேண்டியவை இவை:

1 ராட் = 0.01 கிரே = 1 சென்டிகிரே
1 மில்லிராட் = 10 மைக்ரோகிரே
1 மைக்ரோராட் = 10 நானோகிரே
1 மில்லிகிரே = 100 மில்லிராட்
1 மைக்ரோகிரே = 0.1 மில்லிராட் = 100 மைக்ரோராட்

சீவர்ட், ரெம் இரண்டுக்கும் இதே பட்டியல் அப்படியே பொருந்தும்: 1 சீவர்ட் = 100 ரெம், 1 மில்லிரெம் = 10 மைக்ரோசீவர்ட்.

நூறால் பெருக்குவதா வகுப்பதா என்று தடுமாறினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கிரே பெரிய அலகு, எனவே கிரேயில் எழுதும் எண் சிறியதாகத்தான் வரும். அதைவிடக் கவனம் வேண்டியது மில்லி, மைக்ரோ, நானோ என்ற முன்னொட்டுகளில். மைக்ரோவுக்கான கிரேக்க எழுத்து பழைய கணினிக் கோப்புகளில் தனி எழுத்துருவால் அச்சிடப்பட்டது. கோப்பை வேறு கணினியில் திறக்கும்போது அந்த எழுத்துரு இல்லையென்றால், அது மில்லியைக் குறிக்கும் ஆங்கில 'எம்' ஆகிவிடும். மணிக்கு 2 மைக்ரோகிரே இப்படித்தான் 2 மில்லிகிரே ஆகிறது. எண்ணில் தவறில்லை, எழுத்தில் ஆயிரம் மடங்கு தவறு. கடற்கரை மணலுக்கு மணிக்கு மில்லிகிரே என்று எங்காவது கண்டால், முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கைபேசி மாற்றிகளில் இன்னொரு வேடிக்கை. ராடுக்கும் கோண அலகான ரேடியனுக்கும் ஆங்கிலச் சுருக்கம் ஒன்றே. கோணப் பிரிவில் தட்டிவிட்டால் 1 ராடுக்கு 57.3 என்று விடை வரும். 57 எங்கிருந்து வந்தது என்று மண்டையைக் குடைய வேண்டாம், அது பாகை.

ராண்ட்ஜனிலிருந்து கிரேக்கு

ராண்ட்ஜன் டோஸ் அல்ல. எக்ஸ் கதிரோ காமாவோ காற்றில் எவ்வளவு மின்னூட்டத்தை உண்டாக்கியது என்பதன் அளவு: ஒரு கிலோ காற்றில் 0.000258 கூலும். காற்றில் ஒரு கூலும் அயனிகளை உண்டாக்கச் சராசரியாக 33.97 ஜூல் செலவாகிறது. இரண்டையும் பெருக்கினால் 0.00876. ஆகவே:

1 ராண்ட்ஜன் = காற்றில் 8.76 மில்லிகிரே = 0.876 ராட்
1 மில்லிராண்ட்ஜன் = காற்றில் 8.76 மைக்ரோகிரே
1 மைக்ரோராண்ட்ஜன் = காற்றில் 8.76 நானோகிரே

பழைய புத்தகங்களில் 0.869 ராட் என்று இருக்கும். அப்போது 33.7 ஜூல் என்று எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சர்வே மீட்டரின் பிழையே பத்து, இருபது சதவீதம் இருக்கும்போது இந்த வேறுபாட்டுக்குச் சண்டை போட வேண்டியதில்லை.

காற்றுக்குப் பதில் தசை என்றால், கோபால்ட்-60 போன்ற உயர் ஆற்றல் காமாவுக்கு 1 ராண்ட்ஜன் சுமார் 0.96 ராட். இதனால்தான் '1 ராண்ட்ஜன் = 1 ராட் = 1 ரெம்' என்ற வாய்ப்பாடு அந்தக் காலத்தில் புழங்கியது; காமாவும் தசையும் மட்டும் என்றால் அது மோசமில்லை. எலும்பு என்றால், அதுவும் மருத்துவமனை எக்ஸ் கதிர் போன்ற குறைந்த ஆற்றலில் என்றால், வாய்ப்பாடு உடைந்துவிடும்: கால்சியம் கூடுதலாக உறிஞ்சுவதால் அதே ராண்ட்ஜனுக்கு எலும்பு பல மடங்கு வாங்கும். நியூட்ரான், ஆல்பா, பீட்டாவுக்கு ராண்ட்ஜன் என்ற அலகே கிடையாது. எந்த அறிக்கையிலாவது ஆல்பாவை ராண்ட்ஜனில் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை நம்பாதீர்கள்.

கிரேயிலிருந்து சீவர்ட்டுக்கு

இங்கே இரண்டு படிகள். கிரேயைக் கதிரின் எடைக்காரணியால் பெருக்கினால் சமமான டோஸ். அதை உறுப்பின் எடைக்காரணியால் பெருக்கி எல்லா உறுப்புகளையும் கூட்டினால் பயனுறு டோஸ். இரண்டுக்கும் அலகு சீவர்ட் என்பதுதான் தொல்லை. எதைச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் கணக்கில் இறங்கக் கூடாது.

கதிர்க் காரணி காமா, எக்ஸ் கதிர், பீட்டாவுக்கு 1, புரோட்டானுக்கு 2, ஆல்பாவுக்கு 20. நியூட்ரானுக்கு ஆற்றலைப் பொறுத்து 2.5 முதல் ஏறக்குறைய 20 வரை. நியூட்ரான் காரணிகள் காலந்தோறும் திருத்தப்பட்டவை. எனவே நியூட்ரானுக்கான பழைய ரெம் கணக்கை நூறால் வகுத்தால் இன்றைய சீவர்ட் வந்துவிடாது. ராடுக்குப் போய், புதிய காரணியால் திரும்பி வர வேண்டும்.

உறுப்புக் காரணிகள் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2007-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி: நுரையீரல், வயிறு, பெருங்குடல், எலும்பு மஜ்ஜை, மார்பகம் தலா 0.12, இனப்பெருக்கச் சுரப்பி 0.08, தைராய்டு, கல்லீரல், சிறுநீர்ப்பை, உணவுக்குழாய் தலா 0.04, தோல், மூளை, எலும்பின் மேற்பரப்பு, உமிழ்நீர்ச் சுரப்பி தலா 0.01. மீதி உறுப்புகளுக்கெல்லாம் சேர்த்து 0.12. கூட்டினால் 1 வரும்.

நம் ஊருக்கு இது ஏன் வேண்டும்? இந்த மணலில் கலந்துள்ள மோனசைட் என்ற தாதுவில் தோரியம் இருக்கிறது. தோரியமும் அது சிதைந்து அடுத்தடுத்து உண்டாகும் தனிமங்களும் சேர்ந்த தோரியம் தொடரில் ஆல்பா உமிழ்பவை பல. மணலுக்கு மேல் நிற்கும்போது உடலுக்குள் வருவது காமா, காரணி 1. உலர்ந்த மணலைச் சலித்து அரைக்கும் இடத்தில் தூசியைச் சுவாசித்தால் கதை வேறு. நுரையீரலுக்கு ஆல்பாவால் 1 மில்லிகிரே போனதாக வைத்துக்கொள்வோம். சமமான டோஸ் 20 மில்லிசீவர்ட், 0.12-ஆல் பெருக்க, பயனுறு டோஸ் 2.4 மில்லிசீவர்ட். 1, 20, 2.4 என்ற மூன்றும் ஒரே நிகழ்வின் எண்கள். யார் எதைச் சொல்கிறார் என்று பார்க்காமல் ஒப்பிட்டால் இருபது மடங்கு வித்தியாசம் காற்றிலிருந்து முளைக்கும்.

கடற்கரையில் மீட்டர் காட்டியதை மாற்றுவது

ஒரு முழுக் கணக்குப் போடுவோம். சின்னவிளைப் பக்கம் கருமணல் திட்டு ஒன்றில் மீட்டர் மணிக்கு 2.4 மைக்ரோசீவர்ட் காட்டுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்த 2.4 எதை அளக்கிறது? காமா மீட்டர்கள் சூழல் டோஸ் என்ற கணிப்பைக் காட்டுகின்றன. சீசியம்-137 கொண்டு அளவுத்திருத்தம் செய்த மீட்டரில் அது காற்று டோஸைப் போல சுமார் 1.2 மடங்கு. ஆகவே 2.4-ஐ 1.2-ஆல் வகுத்தால் காற்றில் மணிக்கு 2 மைக்ரோகிரே. இதிலிருந்து எங்கும் போகலாம்: 2,000 நானோகிரே, 200 மைக்ரோராட், 0.2 மில்லிராட். ராண்ட்ஜன் வேண்டுமென்றால் 2-ஐ 8.76-ஆல் வகுக்க 0.228 மில்லிராண்ட்ஜன், அதாவது 228 மைக்ரோராண்ட்ஜன்.

அடுத்து, மனிதருக்கு எவ்வளவு? அணுக்கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழு, நிலத்துக் காமாவுக்குக் காற்று டோஸை 0.7-ஆல் பெருக்கிப் பெரியவர்களின் பயனுறு டோஸைக் கணக்கிடுகிறது. உடலே உள்ளுறுப்புகளுக்கு ஓரளவு மறைப்பாக இருப்பதால் 1-க்குக் குறைவு; சிறு குழந்தைகளுக்கு இந்தக் காரணி கூடும். நமக்கு மணிக்கு 1.4 மைக்ரோசீவர்ட் வருகிறது. மீட்டர் 2.4 சொன்னது, கணக்கு 1.4 சொல்கிறது. இரண்டும் சரி. மீட்டர் எச்சரிக்கையாகக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி செய்யப்பட்டது.

பிறகு நேரம். அந்தத் திட்டில் உட்கார்ந்து ஒருவர் நாளைக்கு 3 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் வலை கட்டினால் 900 மணி நேரம். 900 × 1.4 = 1,260 மைக்ரோசீவர்ட், 1.26 மில்லிசீவர்ட். அதையே ஆண்டின் 8,760 மணி நேரத்தாலும் பெருக்கினால் 12.3 மில்லிசீவர்ட். பத்து மடங்கு! திட்டின் மேலேயே படுத்து உறங்கினால்தான் இரண்டாவது எண் உண்மையாகும். ஐ.நா. குழுவின் பொதுவான வழக்கம் வீட்டுக்குள் 80 சதவீதம், வெளியே 20 சதவீதம் நேரம் என்பது. குமரிக் கடற்கரையில் மீனவர்களுக்கு இது பொருந்தாது. கடலுக்குப் போகிறவருக்கு ஒரு கணக்கு, கரையில் மீன் உலர்த்துகிறவருக்கு வேறு கணக்கு. வீட்டுக்குள் தனியாக அளந்து தனியாகப் பெருக்குங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க: அந்தக் குழுவின் 2000-ஆம் ஆண்டு அறிக்கை, கேரள, தமிழகக் கரையோர மோனசைட் பகுதிக்கு மணிக்கு 200 முதல் 4,000 நானோகிரே, சராசரி 1,800 என்று தருகிறது. உலகச் சராசரி, திறந்தவெளியில் நிலத்திலிருந்து மட்டும், 59. உங்கள் விடை இந்த 200–4,000 எல்லைக்கு வெகு தூரத்தில் விழுந்தால் மணலைக் குறை சொல்வதற்கு முன் முன்னொட்டைப் பாருங்கள். 1,800-ஐ 8,760-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 15.8 மில்லிகிரே, பழைய எழுத்தில் சுமார் 1,580 மில்லிராட். பழைய அறிக்கைகளில் ஆயிரக்கணக்கில் தெரியும் எண்கள் இந்த வகைதான். பெரிதாகத் தெரிவது அலகு சிறியது என்பதால்.

மீட்டரைப் பிடிப்பதிலும் விஷயம் இருக்கிறது. தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடிக்க வேண்டும். மணலின் மேல் அப்படியே வைத்தால் காமாவோடு பீட்டாவும் மீட்டருக்குள் கதிரை எண்ணும் குழாய்க்குள் நுழையும். மெல்லிய மைக்கா சன்னல் உள்ள கருவி பீட்டாவையும் காமா என்றே எண்ணி, மைக்ரோசீவர்ட்டில் ஊதிக் காட்டும். தோரியம் தொடரின் பீட்டாவில் பெரும்பகுதியை 4 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு நிறுத்திவிடும். தகடு போட்டும் போடாமலும் அளந்து, தகட்டோடு வந்த எண்ணைத்தான் மாற்றத்துக்கு எடுக்க வேண்டும்.

நிமிடத்துக்கு இத்தனை எண்ணிக்கை என்று மட்டும் காட்டும் கருவிகளுக்குப் பொதுவான காரணி இல்லை. சிறிய கண்ணாடிக் குழாய்க்கு மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் என்பது சுமார் 150 எண்ணிக்கை. தட்டையான பெரிய குழாய்க்கு 300-க்கு மேல். அந்தக் காரணியும் சீசியத்தின் 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாவுக்குத்தான். தோரியம் தொடரிலோ 2,614 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரை காமா உண்டு. ஆகவே விடையை இரண்டு இலக்கத்துக்கு மேல் எழுதுவது வீண் அலங்காரம்.

கருவியின் சொந்தப் பின்னணியைக் கண்டுபிடிக்க நம் மாவட்டத்தில் எளிய வழி இருக்கிறது: வள்ளத்தில் கரையை விட்டு நன்றாக உள்ளே போய் அளப்பது. மணலின் காமாவைக் கடல்நீர் மறைத்துவிடும். மிஞ்சுவது விண்வெளிக் கதிரும் கருவியின் இரைச்சலும். கரையில் வந்த எண்ணிலிருந்து இதைக் கழித்துவிட்டுத்தான் 0.7-ஆல் பெருக்க வேண்டும். ஆனி, ஆடிக் கடல் சீற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் வேறு வேறு எண் வந்தால் வியப்பில்லை. அலை லேசான மணலை அள்ளிப்போய்க் கனமான தாதுவை விட்டுவிடும், சில நேரம் அதன் மேலேயே வெள்ளை மணலைப் போர்த்திவிடும்.

விடை வந்ததும் '1 மில்லிசீவர்ட்தானே வரம்பு, தாண்டிவிட்டதே' என்று எழுதிவிடாதீர்கள். பொதுமக்களுக்கான அந்த வரம்பு, ஆலை போன்ற செயல்பாடு ஒன்று இயற்கைப் பின்னணிக்கு மேல் கூட்டுவதற்கானது. மண்ணில் இயல்பாக இருப்பதற்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அது பொருந்தாது.

மருத்துவமனைத் தாள்கள்

கதிர் சிகிச்சைக் குறிப்புகளில் 200 சென்டிகிரே × 25 என்று இருந்தால் 5,000 சென்டிகிரே, அதுவே 50 கிரே, அதுவே 5,000 ராட். இதைச் சீவர்ட் ஆக்க வேண்டாம். சீவர்ட் சிறிய டோஸ்களில் நீண்டகால ஆபத்தை மதிப்பிட உண்டாக்கியது. கட்டியை அழிக்கக் கொடுக்கும் டோஸுக்கு அங்கே வேலையில்லை. முழு உடலுக்கும் ஒரே நேரத்தில் 3 முதல் 5 கிரே போனாலே, சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள் என்று படித்துவிட்டு 50 கிரேயைக் கண்டு குடும்பம் பதறுவதுண்டு. கிரே என்பது 'கிலோவுக்கு இத்தனை'. 100 கிராம் கட்டிக்கு 2 கிரே என்றால் போன ஆற்றல் 0.2 ஜூல் மட்டுமே. வெவ்வேறு உறுப்புகளின் கிரேக்களைக் கூட்டவும் கூடாது.

தவணை அளவு மாறினால் கிரேயைக் கிரேயோடு நேராக ஒப்பிட முடியாது. 3 கிரே வீதம் 10 தவணை, மொத்தம் 30. தவணை அளவு மாறும்போது திசுவின் பாதிப்பு எவ்வளவு மாறும் என்பதைக் காட்டும் எண்ணுக்கு ஆல்பா-பீட்டா விகிதம் என்று பெயர் (ஆல்பா, பீட்டா கதிர்களோடு அதற்குத் தொடர்பில்லை); பல கட்டிகளுக்கு எடுத்துக்கொள்ளும் விகிதம் 10 என்றால், 30 × (3 + 10) ÷ (2 + 10) = 32.5. அதாவது 2 கிரே தவணைகளாகக் கொடுத்த 32.5 கிரேக்கு இணை.

சி.டி. ஸ்கேன் படத்தோடு வரும் டோஸ் தாளில் டி.எல்.பி. என்ற எண்ணைத் தேடுங்கள். டோஸை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கியது அது, அலகு மில்லிகிரே-சென்டிமீட்டர். பெரியவர்களுக்குத் தலை என்றால் 0.0021, நெஞ்சு என்றால் 0.014, வயிறு என்றால் 0.015-ஆல் பெருக்கினால் மில்லிசீவர்ட் வரும். நெஞ்சுக்கு டி.எல்.பி. 350 என்றால் 4.9 மில்லிசீவர்ட். அதே தாளில் தனியாக மில்லிகிரே என்று இருக்கும் எண், குறிப்பிட்ட அளவுள்ள பிளாஸ்டிக் உருளையில் அளந்த டோஸ். நோயாளி வாங்கியது அதுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆஞ்சியோ (இரத்தக் குழாய்களை எக்ஸ் கதிரில் பார்க்கும்) அறையில் டோஸை பரப்பால் பெருக்கிய எண் வரும். கருவிக்குக் கருவி அலகு வேறு. 1 கிரே-சதுர சென்டிமீட்டர் என்பது 100 மைக்ரோகிரே-சதுர மீட்டர், 1,000 மில்லிகிரே-சதுர சென்டிமீட்டர். டோஸின் முன்னொட்டும் பரப்பின் அலகும் ஒரே நேரத்தில் மாறுவதால் அனுபவப்பட்டவர்களும் இங்கே வழுக்குவார்கள். மனக்கணக்கு வேண்டாம், எழுதியே மாற்றுங்கள்.

பேட்ஜ், வரம்பு, பெரிய டோஸ்கள்

எக்ஸ் கதிர் அறையிலும் ஆலையிலும் பணியாளர் வாங்கிய டோஸைப் பதிவு செய்ய அணியும் டி.எல்.டி. பேட்ஜின் அறிக்கை மில்லிசீவர்ட்டில் வரும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, பணியாளருக்கு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது. ரெம்மில் 2, 3. பழைய சுவரொட்டிகளில் 5 ரெம் என்று இருந்தால் அது 50 மில்லிசீவர்ட், காலாவதியான வரம்பு. அலகு மாற்றம் சரியாக இருந்தாலும் விதி சரியில்லை.

ஊசி, கையுறை போன்றவற்றைக் காமாவால் கிருமிநீக்க வழக்கமாகக் கொடுப்பது 25 கிலோகிரே. ராடில் 25 லட்சம், அதாவது 2.5 மெகாராட். மிளகு, கிராம்பு போன்றவற்றுக்கு 10 கிலோகிரே என்றால் 1 மெகாராட். இந்தப் பெரிய எண்களைச் சரிபார்க்க வெப்பம் உதவும்: தண்ணீரை 1 பாகை சூடாக்கக் கிலோவுக்கு 4,180 ஜூல் வேண்டும், ஆகவே 10 கிலோகிரே தண்ணீரை 2.4 பாகைதான் உயர்த்தும். கணக்கில் முன்னொட்டு தவறி 10 மெகாகிரே என்று வந்தால் 2,400 பாகை என்று விடை வந்து தவறு பல்லை இளிக்கும்.

எந்த மாற்றத்தையும் குறித்து வைக்கும்போது, அடுத்தவர் திரும்பிப் போய்ச் சரிபார்க்கும்படி எழுதுங்கள்: மூல எண், மூல அலகு, என்ன கதிர், எதில் (காற்றா, திசுவா), எந்தக் காரணி, எத்தனை மணி நேரம். 'காமா, 1 மீட்டர் உயரம், தகட்டுடன், மணிக்கு 2.4 மைக்ரோசீவர்ட் (மீட்டர்), ÷ 1.2 = காற்றில் 2.0 மைக்ரோகிரே, × 0.7 × 900 மணி = 1.26 மில்லிசீவர்ட், பின்னணி கழிக்கவில்லை' என்று ஒரு வரி போதும்.